வேரையும் விதையையும் பார்த்துச் செய்யும் ரோபோக்கள்

இத்தாலி நாட்டில் பீசா நகருக்கு அருகே பொந்தெதேரா என்றொரு சிறிய ஊர் உள்ளது. நம் ஊர்ச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய வெஸ்பா ஸ்கூட்டர் 1946-ம் ஆண்டு முதன்முதலாக உற்பத்தியானது அந்த ஊரில்தான். இப்போது அதே ஊருக்கு வேறொரு பெயரும் கிடைத்திருக்கிறது. செடியின் வேர் மண்ணுக்குள் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறதோ, அதே முறையில் மண்ணைத் துளைத்துச் செல்லும் யந்திரத்தை அங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் பார்பரா மட்சோலாய் என்ற பெண் விஞ்ஞானி. அவர் முதலில் படித்தது யந்திரவியல் அல்ல, உயிரியல்.

விவசாயக் கூட்டங்களில் ரோபோ பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று, இது நம் வயலுக்கு வருமா, வந்தால் கூலிக்காரர் கதி என்ன என்பது. இன்னொன்றைப் பெரும்பாலும் கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து கேட்பார்கள்: பையனோ பெண்ணோ பன்னிரண்டாவது படிக்கிறது, இந்தத் துறையில் சேர்க்கலாமா, முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இத்துறையில் ஒருவர் என்ன செய்து மேலே வருகிறார் என்று தெரிந்தால், யந்திரம் எப்போது எந்த வடிவில் வரும் என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

மிருதுவான யந்திரம் எதற்கு?

மோட்டார் கார் தொழிற்சாலையில் உள்ள ரோபோக் கை இரும்பால் ஆனது. அது எடுக்க வேண்டிய பொருள் எப்போதும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே இடம். அங்கே இரும்புக் கைக்குத் தவறே வராது. தக்காளித் தோட்டத்துக்கு அதைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஒரு பழம் பெரியது, ஒன்று சிறியது, ஒன்று இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, ஒன்று நன்றாகக் கனிந்து தொட்டாலே குழிந்துவிடும் நிலையில் இருக்கிறது. பழம் பறிக்கும் பெண்ணின் விரல் இவற்றையெல்லாம் நினைக்காமலே சமாளிக்கிறது. விரலின் சதை பழத்தின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கிக் கொடுப்பதால் பாதி வேலை மூளைக்குப் போகாமலே முடிந்துவிடுகிறது.

இதைக் கவனித்த விஞ்ஞானிகள் ரப்பர், சிலிக்கோன், துணி போன்ற மிருதுவான பொருட்களால் கையும் விரலும் செய்ய முற்பட்டனர். 1950-களிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் மெக்கிபென் என்ற பௌதிக விஞ்ஞானி, இளம்பிள்ளை வாதத்தால் கை செயலிழந்த தம் மகளுக்காக ஒரு காற்றுத் தசையைச் செய்தார். சைக்கிள் டியூப் போன்ற ரப்பர்க் குழாய். அதன் மேல் வலை போலப் பின்னிய உறை. காற்றை ஏற்றினால் குழாய் பருத்து நீளத்தில் சுருங்கும். நம் தசை சுருங்குவதும் அப்படித்தான்.

2010-ல் அமெரிக்காவின் கார்னெல், சிகாகோ பல்கலைக் கழகத்தார் செய்து காட்டியது இன்னும் எளிமையானது. ஒரு ரப்பர் பலூனில் காப்பித்தூளை நிரப்பினார்கள். தளதளவென்று இருக்கும் அந்தப் பலூனை ஒரு பொருளின்மேல் அழுத்தினால் அது பொருளைச் சுற்றிப் படிந்து கொள்கிறது. பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் தூள் இறுகிக் கல் போலாகி, பொருளைப் பிடித்துக் கொள்கிறது. காற்றை விட்டால் கைவிட்டு விடுகிறது. காற்றெடுத்துக் கட்டிய காப்பித்தூள் பொட்டலம் கடையில் செங்கல் போல விறைப்பாக இருப்பதையும், ஓரத்தை வெட்டியதும் தளர்ந்து விடுவதையும் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். ஐந்து விரலும் அவற்றுக்குத் தனித்தனி மோட்டாரும் இல்லாமல் முட்டையைக்கூட உடையாமல் எடுக்க முடிந்தது.

பொந்தெதேராவுக்கு வருவோம். அங்குள்ள சாந்தான்னா உயர்கல்வி நிலையத்தில் செசிலியா லாஸ்கி என்பவர் 2009 முதல் 2013 வரை ஆக்டோபஸின் கரத்தைப் பார்த்து யந்திரக் கரம் செய்யும் திட்டத்தை நடத்தினார். ஆக்டோபஸைக் கடலோர மக்கள் பேய்க்கணவாய் என்பார்கள். அதன் கரத்தில் எலும்பு கிடையாது. நம் யானைத் துதிக்கையும் அப்படித்தான். எலும்பில்லாமலே வளைகிறது, நீள்கிறது, தேவைப்பட்ட இடத்தில் விறைக்கிறது. அதைவிட வியப்பானது, அந்தப் பிராணியின் நரம்பு அணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கரங்களில் இருக்கின்றன. லாஸ்கி படித்தது கம்ப்யூட்டர் விஞ்ஞானம். கடல் பிராணியின் உடற்கூறு தெரிந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ததால்தான் இது சாத்தியமாயிற்று. இத்துறைக்கென்று ஒரு தனி சர்வதேச மாநாடு இத்தாலியின் லிவோர்னோ நகரில் 2018-ல் முதன்முறையாக நடந்தது. இதிலிருந்து இத்துறை எவ்வளவு இளையது என்பது தெரியும்.

வேர் கற்றுக் கொடுத்த பாடம்

மட்சோலாய் பீசா பல்கலைக் கழகத்தில் உயிரியலில் பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் கனரக உலோகங்கள் போன்ற மாசுப் பொருட்கள் உயிர்களைப் பாதிக்கும் விதத்தை ஆராய்ந்து வந்தார். பிறகு பொறியியல் பக்கம் வந்து, நுண் யந்திர அமைப்புகளில் ரோம் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். 2011 முதல் பத்தாண்டு காலம் பொந்தெதேராவில் இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தின் நுண் உயிர்-ரோபோ மையத்துக்குத் தலைமை தாங்கினார். மற்றவர்கள் மீனையும் பல்லியையும் பூச்சியையும் பார்த்து யந்திரம் செய்து கொண்டிருந்தபோது, நகராத செடியைப் பார்த்து நகரும் யந்திரம் செய்யலாம் என்று இவர் சொன்னதும் பலருக்கு அது விளையாட்டாகப் பட்டதாம். விவசாயிக்கு அப்படிப் படாது. ஒரே இரவில் பாகல் கொடி பந்தலில் எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும்.

கடப்பாரையைக் கெட்டி மண்ணில் இறக்கிப் பாருங்கள். முதல் ஒரு சாண் எளிதாக இறங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அங்குலமும் கஷ்டம். காரணம், முனை மட்டும் மண்ணோடு போராடவில்லை. உள்ளே போன கம்பி முழுவதும் சுற்றிலும் உராய்கிறது. ஆழம் கூடக்கூட உராய்வும் கூடுகிறது. ஆனால் நூல் போன்ற மெல்லிய வேர் அதே கெட்டி மண்ணில் பல அடி ஆழம் போய்விடுகிறது. எப்படி? வேர் மேலிருந்து தள்ளப்படுவதில்லை. நுனியில் மட்டுமே புதிய செல்கள் உண்டாகி நீள்கிறது. முன்பே மண்ணுக்குள் இருக்கும் பகுதி இடம் விட்டு அசைவதே இல்லை. ஆகவே அங்கே உராய்வுக்கு வேலை இல்லை. வேர்த்தூவிகள் அந்தப் பகுதியை மண்ணோடு கட்டிப் பிடித்துக் கொள்வதால் நுனிக்கு ஊன்றி நிற்க ஆதாரமும் கிடைக்கிறது. நுனியில் உள்ள வேர் மூடி வழவழப்பான பசையைச் சுரந்து, தன் வெளிச் செல்களையும் உதிர்த்து, வழியை இலகுவாக்குகிறது. நுனி நேராகப் போகாமல் மெல்ல வட்டமிட்டபடி போவதும் உண்டு. கெட்டியான இடத்தைத் தவிர்த்து இளகிய இடத்தைத் தேட இது உதவுகிறது.

2012 முதல் 2015 வரை ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு நடந்த 'பிளாண்டாய்ட்' என்ற திட்டத்தில் மட்சோலாயின் குழுவினர் இதையெல்லாம் யந்திரத்தில் கொண்டு வந்தார்கள். யந்திர வேரின் நுனியில் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. மேலிருந்து வரும் பிளாஸ்டிக் இழையை அது வளையம் வளையமாக அடுக்கித் தன் உடலைத் தானே கட்டிக் கொண்டு முன்னேறுகிறது. ஒரு பக்கம் அடுக்கைக் கூட்டினால் மறுபக்கம் வளையும். நுனியில் ஈரம், வெப்பம், புவியீர்ப்பு, தொடுதல் ஆகியவற்றை உணரும் கருவிகள் உள்ளன. மேலிருந்து தள்ளுவதைவிட நுனியில் வளர்ந்து செல்லும்போது மண்ணைத் துளைக்கத் தேவைப்படும் சக்தி வெகுவாகக் குறைந்தது. 2024-ல் வெளியான அடுத்த வடிவம் கொடியைப் போல ஒளியையும் புவியீர்ப்பையும் அறிந்து மேலே படர்கிறது. வேகம் மிகக் குறைவு. நத்தை அதை முந்திவிடும்.

வேர் நுனி உணர்ந்து முடிவு செய்கிறது என்ற எண்ணம் புதிதல்ல. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880-ல் வெளியிட்ட தாவர அசைவு பற்றிய புத்தகத்தில் வேர் நுனியைக் கீழ்நிலைப் பிராணிகளின் மூளைக்கு ஒப்பிட்டிருக்கிறார். நூற்று முப்பது ஆண்டு கழித்து அதை யந்திரமாக்க ஆள் வந்தார்கள். இந்த யந்திர வேர் நாளை உங்கள் வயலில் உரத்தேவையைச் சொல்லிவிடும் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். இன்றைக்கு அது ஆராய்ச்சிக் கூடப் பொருள்தான். ஆனால் மண்ணைப் புரட்டாமல், வேரை அறுக்காமல், அடி மண்ணின் ஈரத்தைப் பார்க்கும் வழி இது என்பதால் நாம் கவனித்து வரத்தக்கது.

தானே மண்ணில் புதையும் விதை

மேய்ச்சல் காட்டில் ஊசிப்புல் முற்றிய காலத்தில் நடந்து வந்தவர்களுக்கு அதன் விதை வேட்டியைத் துளைத்துக் காலில் ஏறுவது தெரியும். அந்த விதைக்கு நீண்ட முறுக்கிய வால் ஒன்று உண்டு. காய்ந்தபோது முறுக்கிக் கொள்ளும்; ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். முறுக்கு அவிழும்போது விதை திருகாணி போலச் சுழன்று மண்ணில் இறங்குகிறது. மின்சாரமில்லை, மோட்டாரில்லை. காலைப் பனியும் நண்பகல் வெயிலும் போதும். ஜெரேனியம் குடும்பச் செடிகள் சிலவற்றின் விதையும் இப்படியே.

மட்சோலாயின் குழுவினர் ஜெரேனியம் வகை விதையைப் பார்த்து, மக்கிப் போகும் பொருட்களால் ஒரு செயற்கை விதையை 2023-ல் செய்து காட்டினார்கள். வயலில் தூவிவிட்டால் தானே மண்ணில் புகுந்து, நிலத்தின் நிலையை அறிவித்துவிட்டு, பின் மக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பாட்டரியும் பிளாஸ்டிக்கும் நிலத்தில் மிஞ்சக் கூடாது என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மல்ச்சிங் ஷீட்டின் கிழிசல்களை இன்றும் பொறுக்கிக் கொண்டிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக் கழகத்தில் லைனிங் யாவ் என்பவரின் குழுவினர் வேறொன்றைச் செய்தார்கள். வெள்ளை ஓக் மரத்தின் மெல்லிய சீவலை நனைத்து முறுக்கி, விதையைச் சுமக்கும் திருகுபோலச் செய்தனர். இயற்கை விதைக்கு ஒரு வால், இதற்கு மூன்று. மூன்று வாலும் முக்காலி போல ஊன்றுவதால் திருகு சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது. சமதரையில் இருமுறை நனைந்து காய்ந்ததும் நூற்றுக்கு 80 விதைகள் மண்ணில் இறங்கின. விதையோடு உரத்தையும், பூச்சிகளை அழிக்கும் நன்மை செய்யும் நூற்புழுக்களையும் வைத்து அனுப்பலாம் என்றும் காட்டியுள்ளார்கள். நிலக்கடலை விதைக்க இது தேவையில்லை. நம் விதைப்புக் கருவி போதும். ஆள் ஏற முடியாத சரிவுகளிலும், தீப்பிடித்து வெறுமையான மலைகளிலும் ஆகாய வழியாக விதை தூவுவோருக்கு உதவும். மேலே கிடக்கும் விதையைப் பறவையும் எறும்பும் எடுத்துப் போவதுதானே அங்கே பெரிய நஷ்டம்.

அறுவடைக் களத்தில் நிலைமை

அறுவடைக்கு வந்தால் கணக்கு கடுமையாகி விடுகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தார் லெட்டூஸ் என்னும் கோசு போன்ற கீரையை அறுக்கும் ரோபோவை வயலில் ஓட்டி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கோசுக்குச் சராசரி 31.7 விநாடி. மணிக்கு 113 என்று வைத்துக் கொள்ளுங்கள். அறுத்தவற்றில் 38 சதவீதத்துக்குச் சேதம். பழகிய கூலியாளின் அருகில்கூட இது வரவில்லை. இருந்தும் சேதக் கணக்கை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

குடைமிளகாய் பறிக்கும் 'ஸ்வீப்பர்' ரோபோவைப் பசுமைக் குடிலில் சோதித்து 2020-ல் வெளியிட்ட முடிவு இதைவிடப் பாடமானது. ஒரு காய்க்கு 24 விநாடி; அதில் ஏறக்குறைய பாதி, பறித்த காயைக் கூடையில் விடவும் வண்டியை நகர்த்தவுமே போயிற்று. விவசாயி வளர்த்தபடியே இருந்த பயிரில் நூற்றுக்கு 18 காய்களைத்தான் பறிக்க முடிந்தது. யந்திரத்துக்கு வசதியாகப் பயிரைத் திருத்தி, மறைக்கும் இலையையும் நெருக்கமான காய்க் கொத்தையும் நீக்கியபின் அது 61 ஆயிற்று. ஆக, யந்திரம் வருமுன் சாகுபடி முறை மாற வேண்டும். நமக்கும் இது புதிதல்ல. கோனோவீடர் இரு திசையிலும் ஓட வேண்டும் என்பதற்காகத் திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. சதுர நடவுக்கு மாறினோம் அல்லவா? அதே கதைதான். மாற்றத்துக்கு ஆகும் ஆள் செலவையும் மகசூல் இழப்பையும் யந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற ஜோசி ஹியூஸ் என்ற பெண் பொறியாளர் பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பேராசிரியரானார். அவர் குழு எடுத்துக் கொண்டது ராஸ்பெர்ரி பழம். அழுத்தினால் நசுங்கும், அழுத்தாவிட்டால் காம்புக் கொண்டையிலிருந்து கழன்று வராது. பருவமோ சில மாதங்கள்தான். வருஷத்தில் மீதி நாளெல்லாம் சோதிக்கப் பழம் இல்லை. ஆகவே அவர்கள் சிலிக்கோனில் ஒரு பொய்ப் பழம் செய்து, அதற்குள் அழுத்தம் அறியும் கருவியை வைத்து, ரோபோவின் விரலை ஆய்வுக் கூடத்திலேயே பழக்கினார்கள். 2022-ல் இது வெளியாயிற்று. புது மாட்டை வண்டிக்குப் பழக்க முதலில் வெறும் நுகத்தடியைப் பூட்டுவது போன்ற யோசனை.

எல்லாரும் கரையேறுவதும் இல்லை. காற்றால் ஆப்பிளை உறிஞ்சிப் பறிக்கும் யந்திரம் செய்த அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2021-ல் மூடப்பட்டது.

ஐந்து ஏக்கருக்குக் கீழ் உள்ளவருக்கு என் யோசனை இதுதான். பறிக்கும் ரோபோவை எதிர்பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விடியுமுன் மல்லிகை மொட்டைக் கிள்ளும் விரலுக்கு மாற்று இன்னும் யாரும் செய்யவில்லை. யந்திரம் வரும்போது சொந்தமாக வாங்குவதா, வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர் எடுப்பது போல வாடகைக்கு எடுப்பதா என்பதை அப்போது பார்க்கலாம். விற்க வருபவரிடம் மணிக்கு எத்தனை காய் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை சதவீதம் சேதம், எப்படி வளர்த்த பயிரில் சோதித்தது, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் கேளுங்கள்.

பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி

வேளாண் பொறியியல் பி.டெக். படிப்பு நம் பல்கலைக் கழகத்தின் கல்லூரிகளில் கோவையிலும், திருச்சி மாவட்டம் குமுளூரிலும் உள்ளது. அதற்குப் பன்னிரண்டாவதில் கணிதம், பௌதிகம், ரசாயனம் வேண்டும். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களும் இத்துறைக்கு வரலாம். தாவரவியல் அல்லது பி.எஸ்சி. விவசாயம் படித்த பிள்ளைக்குக் கதவு மூடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மட்சோலாயே அதற்குச் சாட்சி. அத்தகைய பிள்ளை கணக்கையும் கம்ப்யூட்டரில் நிரல் எழுதுவதையும் விடாமல் பழகிக் கொள்ள வேண்டும்.

ஆனால் காலக் கணக்கைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பட்டம் 4 ஆண்டு, மேற்பட்டம் 2, டாக்டர் பட்டம் 4 அல்லது 5. வயது 27, 28 ஆகிவிடும். டாக்டர் பட்டக் காலத்தில் உதவித்தொகை கிடைத்தால் பிள்ளையின் செலவுக்கு ஆகும். வீட்டுக் கடனை அடைக்க ஆகாது. பட்டம் பெற்றதும் நிரந்தர உத்தியோகம் கிடைப்பதும் இல்லை. ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள், பெரும்பாலும் வெளிநாட்டில். திட்டத்துக்குப் பணம் வந்தால் வேலை உண்டு. மேலே நான் சொன்ன திட்டங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்தவை என்பதைக் கவனியுங்கள். ஒன்று முடியுமுன் அடுத்ததற்கு எழுதிப் போட வேண்டும். பேராசிரியராகி, சொந்தக் குழு அமைப்பவர் சிலரே. மற்றவர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அங்கே சம்பளம் பரவாயில்லை. நிலத்தை அடகு வைத்து இதில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். உதவித்தொகையில் போக முடிந்த பிள்ளையை, உடனே சம்பாதிக்கவில்லையே என்று தடுக்கவும் மாட்டேன். களையெடுத்து, காய் பறித்து, வேர் எங்கே நிற்கிறது என்று கையால் அறிந்த பிள்ளை, ஆய்வுக் கூடத்தில் வெகு சிலரிடமே உள்ள ஒன்றைக் கொண்டு போகிறது.

பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முற்றிக் காய்ந்த ஊசிப்புல் விதையை வாலோடு எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, வாலின்மேல் சில சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் வால் அவிழ்ந்து சுழலத் தொடங்கும். எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம், வெயிலில் வைத்தால் எத்தனை நேரத்தில் பழையபடி முறுக்கிக் கொள்கிறது என்று நோட்டில் குறிக்கட்டும். பிறகு ஒரு தொட்டியில் செம்மண்ணும் இன்னொன்றில் களிமண்ணும் போட்டு, எதில் விதை ஆழமாக இறங்குகிறது என்று பார்க்கட்டும். முடிந்ததும் விதைகளை அடுப்பில் போட்டுவிடுங்கள். ஆட்டின் தோலில் ஏறிவிட்டால் எடுப்பது கஷ்டம்.